மீனம்பட்டியிலிருந்து ஒரு மயில்

தீபாவளி வந்துவிட்டால் சிவகாசியை நினைக்காத வீடு உண்டா? குழந்தைகள் பிடிக்கும் கம்பி மத்தாப்பு, வாசலில் சீறும் புஸ்வாணம், கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர், அடுப்பங்கரையில் இருக்கும் தீப்பெட்டி - இவையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கரிசல் சீமையிலிருந்துதான் வருகின்றன. மழை குறைவு, வெயில் அதிகம். பயிருக்கு ஆகாத அந்த வெயில்தான் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் கை கொடுத்தது.

அந்தச் சீமை நமக்குத் தந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் மீனம்பட்டி என்று ஒரு கிராமம். 1963-ஆம் வருஷம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி, வக்கீல் அய்யப்பனுக்கும் அவர் மனைவி ராஜேஸ்வரிக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போது அந்தப் பகுதி ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. விருதுநகர் தனி மாவட்டமானதெல்லாம் 1985-இல்தான். தாயாருக்குச் சொந்த ஊர் திருப்பதி. ஆகவே குழந்தைக்குத் தமிழோடு தெலுங்கும் அந்நியமாக இருக்கவில்லை. பின்னால் அவள் ஐந்து மொழிகளில் நடிக்கப் போகிறாள் என்று அன்று யார் கண்டார்கள்?

பெயர் சொல்லவும் வேண்டுமா? ஸ்ரீதேவிதான்.

* * *

வேலோடு வந்த குழந்தை

சாண்டோ சின்னப்பா தேவர் முருக பக்தர். அவர் தயாரித்த 'துணைவன்' என்ற படம் 1969-இல் வெளிவந்தது. டைரக்ஷன் எம். ஏ. திருமுகம். ஏ. வி. எம். ராஜனும் சௌகார் ஜானகியும் முக்கிய நடிகர்கள். அந்தப் படத்தில் பாடியதற்காகக் கே. பி. சுந்தராம்பாளுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறுமியாக நாடக மேடை ஏறி, பிறகு சினிமாவிலும் கொடி நாட்டியவர் அந்த அம்மாள். அவருடைய பாட்டு ஒலித்த அதே படத்தில், இன்னொரு சிறுமி பால முருகனாக வந்து நின்றாள். பெரிய கண்கள், குண்டுக் கன்னம். அது பெண் குழந்தை என்று சொன்னால்தான் தெரியும்!

அதன் பிறகு கேட்பானேன்! அதே வருஷம் 'நம் நாடு' படத்தில் எம். ஜி. ஆருடன் நடித்தாள். 1971-இல் 'பாபு'வில் சிவாஜியுடன் நடித்தாள். 'ஆதி பராசக்தி'யிலும் இடம் கிடைத்தது. மலையாளத்தில் 'பூம்பாட்டா' படத்துக்காகக் கேரள அரசு சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று பரிசு கொடுத்தது. தெலுங்கில் 1972-இல் வந்த 'படி பந்துலு' படத்தில் என். டி. ராமராவுக்குப் பேத்தியாக நடித்தாள். (ஏழு வருஷம் கழித்து 'வேட்டகாடு' படத்தில் அதே ராமராவுக்கு ஜோடியாக நடித்தார் என்பது வேறு விஷயம். சினிமா உலகத்துக் கணக்கு நம் வீட்டுக் கணக்கு அல்லவே!)

நம் வீடுகளில் ஆறு வயதுக் குழந்தை என்ன செய்யும்? பலப்பத்தைத் தின்னும், பல்லாங்குழி ஆடும், பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொள்ளும். ஸ்ரீதேவிக்கு அந்த வயதில் ஸ்டுடியோவே பள்ளிக்கூடம். விளக்குச் சூட்டில் நிற்கவேண்டும். சொல்லிக் கொடுத்த வசனத்தைத் தெரியாத பாஷையானாலும் பிசகாமல் சொல்லவேண்டும். அழச் சொன்னால் அழவேண்டும். சிரிக்கச் சொன்னால் சிரிக்கவேண்டும். இதைச் செய்து முடித்தால் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிப் பாராட்டுவார்கள். மறுநாள் இன்னொரு செட், இன்னொரு பாஷை.

பள்ளிக்கூட வாழ்வும் கல்லூரி வாழ்வும் தமக்குக் கிடைக்கவில்லை என்பதை ஸ்ரீதேவியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் நாம் நம்பத்தான் வேண்டும்.

* * *

'பேபி' வளர்ந்தால் ஆபத்து

குழந்தை நட்சத்திரங்களுக்கு ஒரு சாபம் உண்டு. அவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள்! 'பேபி' என்ற பட்டம் உதிரும்போது பெரும்பாலும் புகழும் சேர்ந்தே உதிர்ந்துவிடும்.

நம் தமிழ்ப் படத்திலேயே முதல் உதாரணம் இருக்கிறது. 1937-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'பாலயோகினி'யில் நடித்த பேபி சரோஜாவை, இந்தியாவின் ஷர்லி டெம்பிள் என்று கொண்டாடினார்கள். அந்த மோகத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் பேபி சரோஜா நடித்த படங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

அசல் ஷர்லி டெம்பிளின் கதை என்ன? 1930-களில் ஹாலிவுட்டின் வசூல் ராணியே அந்தச் சுருட்டை முடிச் சிறுமிதான். 1950-இல், இருபத்திரண்டு வயதுக்குள், சினிமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். பிறகு அமெரிக்கத் தூதராகக் கானாவுக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் போனார். இது சுகமான முடிவு.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1921-இல் சார்லி சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற பையன் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். பெரியவனாகிப் பணத்தைக் கேட்டபோது, தாயாரும் அவருடைய இரண்டாவது கணவரும் அதைச் செலவழித்துவிட்டது தெரிந்தது. 1938-இல் கோர்ட்டுக்குப் போனான். கைக்குக் கிடைத்தது சொற்பம். அந்த வழக்கின் பலனாக 1939-இல் கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் குழந்தைக்கென்றே ஒதுக்கி வைக்கவேண்டும் என்று அது சொன்னது. இன்றும் அதைக் கூகன் சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

சாபத்தை மீறியவர்களும் உண்டு. நாலைந்து வயதில் காமிராவுக்கு முன் வந்த நாடலி வுட், 1955-இல் 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் பருவப் பெண்ணாக நடித்துப் பெயர் வாங்கினார். எலிசபெத் டெய்லரும் குழந்தையாக வந்து ராணியாக ஆனவர்தான்.

நம் ஸ்ரீதேவி அந்த வரிசையில் சேர்ந்தவர். அவருக்கு நடுவில் ஓய்வே கிடையாது. 1975-இல் ஹிந்தி 'ஜூலி'யில் கதாநாயகி லட்சுமிக்குத் தங்கை. அடுத்த வருஷமே அவர் கதாநாயகி!

* * *

பதின்மூன்று வயதுச் சிற்றன்னை

1976-இல் கே. பாலசந்தர் 'மூன்று முடிச்சு' எடுத்தார். கமலஹாசன், ரஜினிகாந்த், இவர்களுக்கு நடுவில் ஸ்ரீதேவி. கதை தெரியும் அல்லவா? காதலன் ஏரியில் மூழ்கும்போது, நீச்சல் தெரிந்த நண்பன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான். அவனைத் திருத்துவதற்காக அவனுடைய தகப்பனாருக்கே இரண்டாந் தாரமாகி, அவனுக்குச் சிற்றன்னையாக வந்து நிற்கிறாள் நாயகி. ரஜினிகாந்துக்கு அம்மா ஸ்தானத்தில் நின்று, நிமிர்ந்த பார்வையோடு வீட்டு நிர்வாகம் செய்த அந்த நடிகைக்கு அப்போது வயது பதின்மூன்று!

தியேட்டரில் நமக்கு அது உறைக்கவில்லை. அவ்வளவு பக்குவமாக நடித்திருந்தார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் திக்கென்று இருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கவேண்டிய பெண்ணுக்கு அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது? ஏழெட்டு வருஷம் பெரியவர்களின் உலகத்திலேயே வளர்ந்ததால் வந்தது. அதுதான் அவருடைய மூலதனம். அவர் கொடுத்த விலையும் அதுதான்.

அடுத்த வருஷம் '16 வயதினிலே'. பாரதிராஜாவின் முதல் படம். செட்டை விட்டு வெளியேறி, தமிழ் சினிமாவை வயல் வரப்பிலும் சந்தைக் கடையிலும் நடக்க வைத்த படம். மயில் என்ற அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆசை: டீச்சராகவேண்டும். பட்டணத்திலிருந்து வந்த மாட்டு டாக்டரின் பேச்சில் மயங்கி, படிக்கப் போகும் வாய்ப்பையே கைவிடுகிறாள். கடைசியில் அவளுக்குத் துணையாக நிற்பவன், ஊரெல்லாம் கேலி செய்யும் சப்பாணி. ரயிலடியில் அவனுக்காக அவள் காத்திருப்பதோடு படம் முடிகிறது.

மயிலுக்குக் கிடைக்காமல் போன பள்ளிக்கூடத்துக்காக நாம் ஏங்கினோம். அந்தப் பாத்திரத்தை நடித்த பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்பது யாருக்கு நினைவு வந்தது?

* * *

குழந்தையாக நடித்த குமரி

பிறகு வந்த ஐந்தாறு வருஷங்களைத் தமிழ் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். 'சிகப்பு ரோஜாக்கள்', 'ப்ரியா', 'கல்யாணராமன்', 'ஜானி', 'வறுமையின் நிறம் சிவப்பு' என்று வரிசையாகப் படங்கள். மகேந்திரனின் 'ஜானி'யில் பாடகி அர்ச்சனாவாக வந்து, குரலை உயர்த்தாமல் தன் மனத்தைத் திறந்து சொல்லும் இடத்தில் எத்தனை அடக்கம்! 1981-இல் வந்த 'மீண்டும் கோகிலா'வில், சினிமா நடிகையிடம் சபலப்படும் கணவனைப் பொறுமையாக மீட்டுக்கொள்ளும் குடும்பத் தலைவி. அதற்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

ஆனால் ஒரே ஒரு படத்தைத்தான் சொல்லவேண்டும் என்றால், நான் 1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யைத்தான் சொல்வேன்.

பாலு மகேந்திராவின் படம். விபத்தில் நினைவு தப்பி, குழந்தை மனத்துக்குத் திரும்பிவிட்ட ஓர் இளம் பெண். அவளை ஊட்டிப் பக்கம் அழைத்துப் போய்க் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றும் பள்ளி ஆசிரியர். அவள் நாய்க்குட்டியோடு விளையாடுகிறாள், அடம் பிடிக்கிறாள், பயப்படுகிறாள், தூங்கிப் போகிறாள். நினைவு திரும்பியதும் அவரை அடையாளமே தெரியாமல் ரயிலேறிப் போய்விடுகிறாள். கேத்தி ரயிலடியில் குரங்குபோல் கரணம் போட்டு நினைவூட்டப் பார்க்கும் கமலஹாசனைப் பார்த்து அழாதவர்கள் யார்?

கமலஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீதேவிக்குத் தமிழக அரசின் விருது கிடைத்தது. இருவரில் யாருடைய வேலை கடினம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். நிஜமான ஐந்து வயதில் பெரியவர்கள் சொன்னதைப் பெரியவர்கள் மாதிரியே செய்த குழந்தை, பதினெட்டு பத்தொன்பது வயதில் ஐந்து வயதாக நடித்துக் காட்டினார். அந்தக் குழந்தைத்தனத்தில் ஒரு கள்ளத்தனமோ கொஞ்சலோ இல்லை. எங்கேயோ பத்திரமாக முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டியதுபோல இருந்தது.

* * *

இரவல் குரல்

வடக்கே அவரை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. '16 வயதினிலே'யை ஹிந்தியில் 'ஸோல்வா ஸாவன்' என்று பாரதிராஜாவே எடுத்தார். 1979-இல் வந்த அந்தப் படம் ஓடவில்லை. நாலு வருஷம் கழித்து, 1983-இல், ஜிதேந்திராவுடன் நடித்த 'ஹிம்மத்வாலா' சக்கைப் போடு போட்டது. பிறகு 'நாகினா', 'மிஸ்டர் இந்தியா', 'சாந்தினி', 'சால்பாஸ்' என்று பம்பாய் அவர் காலடியில் வந்தது. 'மிஸ்டர் இந்தியா'வில் சார்லி சாப்ளினாக வேஷம் போட்டு அவர் அடிக்கும் கூத்தைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை கிடையாது.

இதில் ஒரு ரகசியம். ஆரம்ப கால ஹிந்திப் படங்களில் நாம் கேட்டது அவருடைய குரல் அல்ல. பல படங்களில் நாஜ் என்ற நடிகையின் குரல். யார் இந்த நாஜ்? 1954-இல் வந்த 'பூட் பாலிஷ்' படத்தில் நடித்து, கேன்ஸ் பட விழா வரை பாராட்டுப் பெற்ற பேபி நாஜ்தான்! வளர்ந்த பிறகு பெரிய கதாநாயகியாக முடியாத ஒரு குழந்தை நட்சத்திரம், கதாநாயகியாகிவிட்ட இன்னொரு குழந்தை நட்சத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். இதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்று நாம் சொல்லியிருப்போம்.

இரவல் குரலோடு ஸ்ரீதேவி நின்றுவிடவில்லை. 1989-இல் 'சாந்தினி' படத்துக்குத் தாமே ஹிந்தியில் குரல் கொடுத்தார். ஒரு பாட்டும் பாடினார். அதே வருஷம் 'சால்பாஸ்' படத்துக்காகவும், 1991-இல் 'லம்ஹே' படத்துக்காகவும் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். 'லம்ஹே' படப்பிடிப்புக்காக லண்டனில் இருந்தபோது தகப்பனார் காலமானார். ஊருக்கு வந்து காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிப் போனவர், முதலில் நடிக்கவேண்டியிருந்தது ஒரு சிரிப்புக் காட்சி. நடித்தார். ஐந்து வயதில் கற்றுக்கொண்ட பாடம் அது: சிரிக்கச் சொன்னால் சிரிக்கவேண்டும்.

* * *

அதே சிவகாசியில்

தகப்பனார் அய்யப்பன் 1989-ஆம் வருஷச் சட்டசபைத் தேர்தலில் சிவகாசியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். மகள் வந்து வீதி வீதியாக ஓட்டுக் கேட்டார். கூட்டம் அலைமோதியது, வெற்றி மட்டும் கிடைக்கவில்லை.

அந்த வீதிகளுக்குப் பின்னால், அதே வயதுக் குழந்தைகளின் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீதேவி பிறந்த 1963-ஆம் வருஷத்தில்தான், விருதுநகர்க்காரரான காமராஜ் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஏழைக் குழந்தை பள்ளிக்கூடம் வரவேண்டும் என்று மதிய உணவுத் திட்டத்தை மாகாணம் முழுவதும் விரித்தவர் அவர். ஆனாலும் அவர் சீமையிலேயே ஆயிரக்கணக்கான குழந்தைகள் புத்தகப் பைக்குப் பதிலாகத் தூக்குச் சட்டியோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். பொழுது விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக வண்டி வந்து ஏற்றிப் போகும்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பதினாலு வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக்கூடாது என்றது. 1991-இல் மீனம்பட்டிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடி விபத்தில் 39 பேர் மாண்டார்கள். எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தால், முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் அந்தக் குழந்தையின் நலனுக்கென்று கட்டவேண்டும்.

2016-இல் அந்தச் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த வேலையும் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், கலைஞராக நடிப்பதற்கும் மட்டும் விலக்கு. தீப்பெட்டி ஆபீஸ் கதவைச் சாத்திய சட்டம் ஸ்டுடியோக் கதவைத் திறந்தே வைத்தது. ஆனால் கட்டுப்பாடு உண்டு. 1917-இல் அல்ல, 2017-இல்தான் அந்த விதிகள் வந்தன! ஒரு நாளைக்கு ஐந்து மணிக்கு மேல் கூடாது, மூன்று மணிக்கு ஒரு தரம் ஓய்வு, படிப்பு தடைப்படக்கூடாது, சம்பாத்தியத்தில் 20 சதவீதம் குழந்தை பெயரில் பாங்கில் போடவேண்டும். ஜாக்கி கூகன் கோர்ட்டுக்குப் போய் எழுபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

மத்தாப்பு மருந்தையும் மேக்கப்பையும் ஒன்றாகச் சொல்லவில்லை. ஒன்றில் உயிருக்கே ஆபத்து. மற்றதில் பேரும் புகழும். ஆனால் போன பள்ளிக்கூட நாள் இரண்டிலும் திரும்பி வராது.

* * *

கடைசியில் ஒரு வகுப்பறை

1996-இல் ஸ்ரீதேவி படத் தயாரிப்பாளர் போனி கபூரை மணந்தார். தாயாரை இழந்ததும் அதே வருஷம்தான். 1997-இல் 'ஜுதாயி' வெளிவந்த பிறகு, சினிமாவை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு பெண்களை வளர்ப்பதில் முனைந்தார்.

பதினைந்து வருஷம் கழித்து, 2012-இல், 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தில் திரும்பி வந்தார். கௌரி ஷிண்டே என்ற பெண்மணியின் டைரக்ஷன். லட்டுப் பிடித்து விற்கும் குடும்பத் தலைவி. இங்கிலீஷ் தெரியாததால் பெற்ற மகளே இளக்காரம் செய்கிறாள். அமெரிக்காவுக்குப் போன இடத்தில், யாருக்கும் தெரியாமல் நாலு வாரப் பாட வகுப்பில் சேர்கிறாள். நம் வாசகிகளில் எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கதை என்று சொல்லியிருப்பார்கள். நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கூச்சத்தோடு வகுப்பறைக்குள் அவர் நுழையும்போது அவருக்கு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயது. சினிமா அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட வகுப்பறையைச் சினிமாவே திருப்பிக் கொடுத்தது, செட்டிலாவது!

2013-இல் பத்மஸ்ரீ. 2015-இல் 'புலி' மூலம் தமிழுக்கு ஒரு தரம் வந்து போனார். 2017-இல் 'மாம்', அது அவருடைய 300-வது படம் என்று சொன்னார்கள். 2018 பிப்ரவரி 24-ஆம் தேதி, உறவினர் கல்யாணத்துக்காகப் போயிருந்த இடத்தில், துபாயில் காலமானார். வயது ஐம்பத்து நாலு. 'மாம்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை. 'துணைவ'னில் வேலேந்தி நின்று நாற்பத்தொன்பது வருஷம் கழித்து வந்த விருது. கணவரும் பெண்களும் போய் வாங்கிக்கொண்டார்கள்.

மூத்த பெண் ஜான்வியின் முதல் படம் அந்த வருஷம் ஜூலையில் வந்தது. ஜான்விக்கு அப்போது வயது இருபத்தொன்று. இளையவள் குஷி நடிக்க வந்தது 2023-இல். இரண்டு பேரும் அழகான குழந்தைகள். தாயார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த ஸ்டுடியோவும் வாரி எடுத்துக்கொண்டிருக்கும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னவர், தம் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

டெலிவிஷனில் சின்னக் குழந்தை ஒன்று ஆடும்போது, 'நம் குழந்தையும் இப்படி ஆடினால் என்ன?' என்று எந்தத் தாய்க்கும் தோன்றத்தான் செய்யும். தோன்றட்டும், தப்பில்லை. ஆட்டம் முடிந்ததும், மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது அந்தக் குழந்தை எங்கே இருக்கும் என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.